மஞ்சள் சட்டை நம்பிக்கை

கேள்வி: கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி புது ஸ்ட்ரைக்கரை எடுத்தாலே, 'இந்தத் தடவை கப் நமக்குத்தான்' என்று எங்கள் டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்களே?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு)

பதில்: 2017-ல் பல்கேரிய ஸ்ட்ரைக்கர் பெர்பட்டோவ் வந்தபோதும் இதைத்தானே சொன்னார்கள்! 2010-11-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக லீக்கில் 20 கோல் அடித்த கால், பிளாஸ்டர்ஸுக்கு ஒரே ஒரு கோலோடு ஓய்ந்தது. அத்தனை ஆரவாரமில்லாமல் வந்த கிரேக்கர் டியமன்டகோஸோ 2023-24-ல் 13 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார். வாங்கிய கையோடு (காலோடு?) ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். பிளாஸ்டர்ஸுக்கோ 2014, 2016, 2022 என மூன்று இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டிகளிலும் தோல்வி. அதில் இரண்டு பெனால்டியில். ஸ்ட்ரைக்கர் இருக்கட்டும், பெனால்டியை உள்ளே தள்ளத் தெரிந்த நாலு பேரை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.