உறங்காத பெட்டி

வீட்டுக் கணினியில் சேர்த்துவைத்த படங்களையும் பாட்டுகளையும் முன்கூடத்து ரீவிக்கு வைஃபை வழியே அனுப்பிவைக்கும் மென்பொருளுக்கு மீடியா சேர்வர் என்று பெயர். பிளெக்ஸ், ஜெலிஃபின் முதலியவை இதற்கென்றே எழுதப்பட்டவை. விண்டோஸும் தன் பங்குக்கு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது. எப்போதோ ஒரு நாள் என்னவென்று வாசிக்காமல் அழுத்திய ஒரு ‘ஓம்’ போதும், அது ஓடத் தொடங்கிவிடும். சேர்வர் ஓடும் கணினிக்கு வழக்கமாக வரும் வியாதி தூக்கமின்மை. அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் ஹைபர்னேட் ஆகு என்று சொல்லிவைத்திருந்தும், விடிய எழுந்து பார்த்தால் அதன் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

வீரமுனை போன்ற இலங்கை ஊர்களில் இது மின்சாரப் பட்டியலில் தெரியவரும். சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கும் மேசைக் கணினி இரவு பகலாக விழித்திருந்தால் மாதத்துக்கு 43 அலகு. இலங்கையில் வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதலாம் அலகிலிருந்தே கூடிய விலை. பட்டியலைக் கண்டதும் வீட்டில் முதலில் சந்தேகிக்கப்படுவது ஐஸ்பெட்டி, அடுத்தது மகளின் ஸ்திரிக்கைப் பெட்டி. மூலையில் பச்சை விளக்கோடு சாதுவாக நிற்கும் கணினியை யாரும் விசாரிப்பதில்லை.

ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டும் ஒன்றல்ல. இன்டெல், மைக்ரோசொஃப்ட், தொஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ என்ற விதிமுறையில் முதலாவதற்கு எஸ்3 என்றும் இரண்டாவதற்கு எஸ்4 என்றும் இலக்கமிட்டார்கள். எஸ்3இல் நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்4இல் நினைவகத்தில் உள்ளதெல்லாம் ஹைபர்ஃபில் என்ற மறைகோப்பாக வன்தட்டில் எழுதப்பட்டு, கணினி அணைந்துவிடும். கரண்ட் போனால் முன்னதில் சேமிக்காத வேலை போய்விடும், பின்னதில் போகாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது இந்த வித்தியாசத்தைப் பலர் பாடப்புத்தகம் இல்லாமலே கற்றார்கள். அது முடிந்த பிறகும் நிம்மதி இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டது. விளக்கத்தைச் சொன்னவர் துறை அமைச்சரே. குரங்குகளுக்கு நேர அட்டவணை கிடையாது. ஆகவே ஹைபர்னேட்டே இங்கே ஏற்றது.

கணினி ஏன் தூங்குவதில்லை என்பதற்கு விடை அதன் மரியாதையில் இருக்கிறது. விண்டோஸில் ஓடும் எந்த மென்பொருளும் ‘நான் வேலையில் இருக்கிறேன், அணையாதே’ என்று கோரிக்கை வைக்கலாம். படம் ஓடும்போது சேர்வர் இதைக் கேட்பது நியாயம். படம் முடிந்த பிறகும் கோரிக்கையைத் திரும்பப் பெற மறந்துவிடுவதுதான் வில்லங்கம். கலியாண வீட்டில் கடைசி விருந்தாளி எழும்பும்வரை பாயை விரிக்கமுடியாமல் திண்ணையில் குந்தியிருக்கும் பெரியவரின் கதிதான் கணினிக்கு. விருந்தாளி ரீவியாக இருப்பதும் உண்டு. படத்தைப் பாதியில் நிறுத்தி, ரிமோட்டை மெத்தையிடுக்கில் தொலைத்துவிட்டு எல்லாரும் படுத்துவிட, கோப்பு திறந்தபடியே கிடக்கும்.

இந்த இடத்தில் பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனை, “மச்சான், விண்டோஸ் புதுசா அடிச்சா சரிவரும்” என்பது. தலைவலிக்கும் வயல் வழக்குக்கும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் மருந்து இது. அடித்த பிறகு சில நாள் சரிவரத்தான் செய்யும், மீடியா சேர்வரை மறுபடி நிறுவும்வரை.

சரியான வழி, கணினியிடமே கேட்பது. கொமாண்ட் ப்ரொம்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற சொல்லும் இட்டால், யார் யார் தூக்கத்தைத் தடுக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். டிஸ்பிளே, சிஸ்டம், அவேமோட் என்று தலைப்புகள் இருக்கும். ஒன்றும் இல்லாத தலைப்பின் கீழ் ‘நன்’ என்றிருக்கும். ஒலி அட்டையின் பெயர் வந்தால் ஏதோ ஒரு மென்பொருள் ஒலியைத் திறந்தபடி வைத்திருக்கிறது. எஸ்ஆர்வி-நெட் என்று வந்தால், வேறொரு கருவி பகிர்ந்த கோப்புறையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ரீவி, ஃபோன், சில வீடுகளில் பக்கத்து வீட்டு மருமகனின் லெப்டொப்.

குற்றவாளி தெரிந்தபின் வைத்தியம் எளிது. பவர் ஒப்ஷன்ஸில் மல்டிமீடியா பகுதிக்குள் ‘மீடியா பகிரும்போது’ என்றொரு வரி உண்டு. அதில் மூன்று தெரிவுகள்: தூங்கவிடாதே, தூங்கவிடு, அவேமோட். மூன்றாவது 2005இல் விண்டோஸ் எக்ஸ்பியின் மீடியா சென்டர் பதிப்புக்கென வந்தது. திரையையும் ஒலியையும் மட்டும் அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் பாசாங்கு செய்யும். மின்சாரப் பட்டியலைக் குறைப்பதாக நினைப்பவர்கள் இதைத் தெரிவு செய்து ஏமாறுகிறார்கள். ‘தூங்கவிடு’ என்பதே வேண்டியது. அதற்கும் அடங்காவிட்டால் பவர்சிஎஃப்ஜியிலேயே ரிக்வெஸ்ட்ஸ்-ஓவர்றைட் கட்டளையால் அந்தச் செயலியின், சேவையின் அல்லது ட்ரைவரின் கோரிக்கைக்குச் செவிசாய்க்காமல் விடச் செய்யலாம். ஆனால் அது ஆளைப் பார்க்கும், நேரத்தைப் பார்க்காது. இரவு பத்து மணிக்குக் கதாநாயகன் கிளைமாக்ஸில் கை ஓங்கும்போதே கணினி படுத்துவிடும். ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க, வீட்டார் சேர்வரை வைத்தவரைத் தேடுவார்கள்.

தூங்கிய கணினி தானாக எழும்புவது வேறு நோய். விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு இயல்பாக அதிகாலை 2 மணிக்கு வைக்கப்பட்டிருக்கும். பிளெக்ஸின் நூலகப் பராமரிப்பும் அதே 2 மணிக்குத் தொடங்கி 5 மணிவரை போகும். இரண்டு நிறுவனங்களும் பேசிவைத்ததாகத் தெரியவில்லை. எழுப்பியது யார் என்பதைப் பவர்சிஎஃப்ஜியின் லாஸ்ட்வேக் சொல்லும். பல வேளைகளில் விடை வலைப்பின்னல் அட்டை; அதன் அமைப்பில் ‘மெஜிக் பக்கெட் வந்தால் மட்டும் எழும்பு’ என்பதைக் குறியிட்டால் சில்லறைத் தட்டல்களுக்கு எழும்பாது. சிலவேளை விடை மவுஸ் என்று வரும். மேசையில் பல்லி ஓடியதா, பூனை படுத்ததா என்பதைப் பவர்சிஎஃப்ஜி சொல்லாது.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பென் ட்ரைவ் இருக்கிறது. படத்தை அதில் ஏற்றி ரீவியின் முதுகில் செருகினால் சேர்வரே தேவையில்லை, கணினி மாலையிலேயே படுத்துவிடலாம். ஃபாட்32 முறையில் அமைந்த பென் ட்ரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது; அதை எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றவேண்டும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பதால், அக்காவின் கலியாண வீடியோ அதில் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது.