வீராணம் வரை

'பொன்னியின் செல்வன் படித்திருக்கிறேன்' என்று பதினாறு வருடமாகச் சொல்லி வந்தவன் நான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் கேட்டார், வாயில் வந்துவிட்டது. பிறகு மாற்றிச் சொல்ல முடியுமா? உண்மையில், ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரைக்கு வருகிறானே, அந்த இடம் எனக்கு அத்துப்படி. கோடைக்குக் கோடை அவனோடு ஏரிக்கரை வரை போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவன் மேற்கொண்டு போய் என்ன ஆனான் என்று விசாரித்ததில்லை.

2023 கோடையில் மாட்டிக்கொண்டேன்.

அந்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. திருச்சி உறையூரிலிருந்து சென்னை வளசரவாக்கம். பதினோரு வருடக் குடித்தனத்தை மூட்டை கட்ட வேண்டும், டி.சி. வாங்க வேண்டும், கேஸ் இணைப்பை மாற்ற வேண்டும். இதற்கு நடுவில் ஏப்ரல் 28 அன்று மணிரத்னம் பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். குடும்பத்தோடு போனோம். இடைவேளையில் "புத்தகத்துல இப்படி இருக்காதே" என்று சும்மா ஒரு போடு போட்டேன். அப்படிச் சொன்னால் படித்தவன் என்று நினைப்பார்கள், யாரும் மறுக்கவும் மாட்டார்கள். ஏழாம் வகுப்புக்குப் போகிற மகள் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மறுநாளே பரணிலிருந்து ஐந்து தொகுதிகளும் இறங்கின. 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது என் பாட்டி கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தவை. மணியம் வரைந்த படங்களுக்குப் பக்கத்தில் பாட்டியின் பால் கணக்கும் இருக்கும். மகள் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவளைச் சுற்றியிருந்த சாமான் எல்லாம் பெட்டிக்குள் போனது. கடைசியில் கட்டிலையும் தூக்கினோம், தரையில் படுத்துத் தொடர்ந்தாள். அரசாங்கமும் அவள் பக்கம்தான். வெயில் தணியவில்லை என்று பள்ளித் திறப்பை ஜூன் 1-லிருந்து 7-க்கும், 7-லிருந்து 12-க்கும் தள்ளிவைத்தார்கள்.

பெட்டிகளின் மேல் எழுதும் வேலையை நாலாம் வகுப்பு மகனுக்குக் கொடுத்தோம். மார்க்கர் பேனா கையில் கிடைத்ததும் எழுத்தாளனாகிவிட்டான். 'அம்மா – உடையும்', 'பாட்டி – தலைகீழாக வைக்காதே', 'அப்பா – கடைசியில் பிரிக்கவும்'. பீங்கான் தட்டையும் ஊறுகாய் ஜாடியையும் என் பழைய செருப்பையும்தான் அவன் சொன்னது. லாரிக்காரர் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மே 19 அன்று 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. செய்தி முடிவதற்குள் என் மனைவி எழுந்துபோய், நான்காம் தொகுதியான 'மணிமகுட'த்தை எடுத்து உதறினாள். ஆறு நோட்டு விழுந்தது.

"இதுலயா ஒளிச்சு வெச்ச?"

"பீரோவுல வெச்சா நீங்க எடுத்துடுவீங்க. இதைத் தொடவே மாட்டீங்கன்னு தெரியும்."

ஆக, வீட்டிலேயே பத்திரமான லாக்கர் நான் படித்து முடித்த புத்தகம். அதற்கு மேல் நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

சென்னைக்கு வந்து இறங்கியபோது மகள் நான்கை முடித்திருந்தாள். ஐந்தாவதைக் காணோம். நாற்பத்து மூன்று பெட்டியில் எதைப் பிரிப்பது?

"நீதான் படிச்சிருக்கியேப்பா, முடிவைச் சொல்லு."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "அருள்மொழிவர்மர் தனக்கு வந்த கிரீடத்தை மதுராந்தகனுக்கே கொடுத்துடறார்."

சமையலறையில் இருந்து என் அம்மா எட்டிப் பார்த்தாள். "எந்த மதுராந்தகன்?"

"ஒருத்தன்தானேம்மா?"

"டேய், நீ சொல்றது சினிமாடா! கதையில நிஜ மதுராந்தகன் சேந்தன் அமுதன்டா!"

(எழுபது வருடமாகிவிட்ட கதை. முடிவைச் சொன்னதற்கு வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

மகள் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய் 'அப்பா – கடைசியில் பிரிக்கவும்' பெட்டியை முதலில் பிரித்தாள். செருப்புகளுக்கு அடியில் 'தியாக சிகரம்' கிடந்தது. இரண்டு நாளில் முடித்துவிட்டு, முதல் தொகுதியைக் கொண்டுவந்து என் தலையணை மேல் வைத்தாள்.

ஜூன் 12 அன்று பள்ளியும் திறந்தது, மேட்டூர் அணையும் திறந்தது. காவிரியில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்து உறையூரை விட்டு வந்துவிட்டோமே என்று அம்மாவுக்குக் குறை. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆறுதல் சொன்னார்: இந்தப் பக்கம் குழாயில் வருவது வீராணம் தண்ணீராம், அதுவும் காவிரித் தண்ணீர்தானாம். கொள்ளிடத்தில் போகும் தண்ணீர் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணத்துக்கு வருகிறது. 2004 முதல் அங்கிருந்து குழாயில் சென்னைக்கு வருகிறது. கல்கி எழுதிய வீரநாராயண ஏரி இதேதான்.

நான் இன்றுவரை தாண்டாத ஏரி, எனக்கு முன்னாலேயே வளசரவாக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.