யாராவது செய்வார்கள் என்றால், யார்?

கேள்வி: சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். சுற்றிலும் பெருங்கூட்டம். ஒருவரும் கை வைக்கவில்லை. நம் ஜனங்களுக்கு ஈரமே வற்றிவிட்டதா?
– ஆட்டோ ஓட்டுநர், சேலம்

பதில்: ஈரம் இருக்கிறது. கூட்டம் அதைக் கட்டிப்போடுகிறது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறார். அவர் சும்மா நிற்பதால் இவரும் சும்மா நிற்கிறார். 1968-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் இதைச் சோதித்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, இன்னொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்து திணறுவது போன்ற குரலை ஒலிபரப்பினார்கள். கேட்பது தான் மட்டும்தான் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி கேட்டு எழுந்தார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களிடம் அது 31 சதவீதமாகச் சரிந்தது. எழாதவர்களும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கவில்லை. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. அவர்களுக்கு அக்கறை இருந்தது. அது தங்கள் வேலை என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கேள்வி: நியூயார்க்கில் ஒரு பெண் கொலையாவதை 38 பேர் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்களாமே?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: பாடப்புத்தகங்கள் வரைக்கும் போய்விட்ட கதை அது. முழு உண்மை இல்லை. 1964 மார்ச் 13 அதிகாலையில், குயின்ஸ் பகுதியில், கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்தப்பட்டார். 38 சாட்சிகள் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. அந்தச் செய்தியில் பிழைகள் இருந்ததைப் பிற்பாடு அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. பெரும்பாலோர் குரலை மட்டும் கேட்டவர்கள். இரண்டாவது தாக்குதல் மாடிப்படி அடியில், பார்வைக்கு எட்டாத இடத்தில் நடந்தது. முதல் தாக்குதலின்போது ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்டியதும் கொலைகாரன் ஓடினான். பிறகுதான் திரும்பி வந்தான். சோஃபியா ஃபரார் என்ற பக்கத்து வீட்டுப் பெண், அவன் போய்விட்டானா என்றுகூடத் தெரியாமல் கீழே ஓடிவந்து, உயிர் பிரிந்துகொண்டிருந்த கிட்டியைக் கைகளில் ஏந்திக்கொண்டார். 38 என்ற எண் எல்லோருக்கும் தெரியும். இனி சோஃபியாவின் பெயரும் தெரியட்டும்.

கேள்வி: அப்படியானால் கூட்டத்தை நம்பலாமா, கூடாதா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகர்கோவில்

பதில்: நம்பலாம். ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்தின் லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்களில் பொது இடத்தில் நடந்த 219 தகராறுகளின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். முடிவு 2019-ல் வெளியானது. பத்தில் ஒன்பது சம்பவங்களில் குறைந்தது ஒருவராவது குறுக்கே போயிருக்கிறார். ஆள் கூடக் கூட, யாராவது ஒருவர் உதவிக்கு வரும் வாய்ப்பும் கூடியது. கண்ணெதிரே ஆபத்து தெளிவாகத் தெரிந்தால் மனிதர்கள் அசைகிறார்கள். நாம் செய்ய வேண்டியது அந்தத் தெளிவை உண்டாக்குவது. “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று பொதுவாகக் கத்தாதீர்கள். “நீலச் சட்டை தம்பி, நீங்க 108-க்குப் போன் போடுங்க. அக்கா, நீங்க வண்டிகளை நிறுத்துங்க” என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். தலைமை என்பது அந்த நிமிடத்தில் இவ்வளவுதான்.

கேள்வி: தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்களே?
– பழக்கடைக்காரர், திண்டிவனம்

பதில்: அந்தப் பயத்துக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாதபடி காக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி போலீசோ மருத்துவமனையோ உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நீங்களே விரும்பினால்தான் சாட்சி. செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கிறது.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் பெண்களிடம் அசிங்கமாகப் பேசுகிறார். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் புகார் தரவில்லை. நான் உற்பத்தி மேலாளர். புகார் இல்லாமல் என்ன செய்ய முடியும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்குத் தெரியும் என்பதே போதும். புகார் வரட்டும் என்று மேலாளர் காத்திருந்தால், ‘மேலாளரே பேசவில்லை, நாம் பேசி வேலையை இழப்பதா’ என்று அந்தப் பெண்கள் காத்திருப்பார்கள். இந்த முடிச்சை மேலே இருப்பவர்தான் அவிழ்க்க வேண்டும்.

முதலில், அடுத்த முறை உங்கள் காதில் விழுந்த அதே இடத்தில், எல்லோர் முன்னாலும், “இந்தப் பேச்சு இங்கே கூடாது” என்று நிறுத்துங்கள். அவமானம் பொதுவில் நடந்தது. கண்டிப்பும் பொதுவில் நடக்கட்டும். அடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணிடம் தனியாக, அவருக்கு நம்பிக்கையான ஒரு அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம், விசாரணை நடக்கும்போது விடுப்போ இடமாற்றமோ கேட்கலாம், பெயர் வெளியே போகக் கூடாது என்பதையெல்லாம் சொல்லுங்கள். முடிவை அவரிடமே விடுங்கள். ஒருமுறை அவர் சம்மதம் இல்லாமல் ஒன்று நடந்துவிட்டது. உதவியும் அதேபோல் அவர்மேல் திணிக்கப்படக் கூடாது. கடைசியாக, சாட்சி சொன்னவருக்கு ஷிஃப்ட் மாற்றம், ஓவர்டைம் வெட்டு என்று எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்சிக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் மொத்தத் தொழிலாளர்களும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொல்லும் பெண், அது நடந்தபோது ஏன் கத்தவில்லை?
– வாசகர், ஈரோடு

பதில்: இந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். பேராபத்தில் உடல் ஓடலாம், எதிர்க்கலாம், அப்படியே உறைந்தும் போகலாம். உறைவது அவர் எடுத்த முடிவு அல்ல. உடல் தானாகச் செய்வது. நினைவுகள் முன்பின்னாக வருவதும், சிரிப்பதும், உணர்ச்சியே இல்லாமல் பேசுவதும் அதிர்ச்சியில் நடக்கும். அதைப் பொய் என்று முத்திரை குத்தினால் அவர் இன்னொரு முறை காயப்படுகிறார். பார், கேள், இணை என்று உளவியல் முதலுதவியை மூன்று சொல்லில் சுருக்குகிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பாருங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். தேவையான இடத்தோடு இணையுங்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மன உதவிக்கு 14416.

கேள்வி: மாணவி ஒருத்திக்கு நடந்த பாலியல் கொடுமை தெரிந்தும், பள்ளியின் பெயர் கெடும் என்று தலைமை தயங்குகிறது. ஆசிரியை நான் என்ன செய்ய?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போலீசுக்குச் சொல்லுங்கள், இன்றே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவில் இது உங்கள் கடமை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பள்ளியின் பெயரை அந்தக் குழந்தையின் தலையில் சுமத்தாதீர்கள்.

கேள்வி: மேலதிகாரியே தப்பு செய்தால் கீழே இருப்பவர் எப்படித் தடுப்பது?
– காவலர், மதுரை

பதில்: உங்கள் துறையிலிருந்தே சொல்கிறேன். 2020 மே 25, அமெரிக்காவின் மினியாபோலிஸ். போலீஸ் பிடியில் தரையில் கிடந்த ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் மூத்த காவலர் முழங்காலை ஊன்றியிருக்கிறார். பணியில் இறங்கிச் சில நாளே ஆன புதுக் காவலர், “ஒருக்களித்துப் படுக்கவைக்கலாமா?” என்று கேட்டார். மூத்தவர் மறுத்தார். கேட்டவர் அவரைத் தடுக்கவில்லை. உடனிருந்த மூன்று காவலர்களுக்கும் பிறகு தண்டனை கிடைத்தது. ஃப்ளாய்டின் உயிர் திரும்பவில்லை.

நியூ ஆர்லியன்ஸ் காவல்துறை இதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தது. சக காவலர் வரம்பு மீறும்போது தடுப்பதைப் பயிற்சியாகவே கொடுத்தது. அதை உருவாக்க உதவியவர் உளவியலாளர் எர்வின் ஸ்டாப். 1944-ல் புடாபெஸ்ட்டில் ஆறு வயது யூதச் சிறுவனாக இருந்தவர். ஸ்வீடன் தூதரகத்தின் ரவுல் வாலன்பர்க் வழங்கிய பாதுகாப்புக் கடிதங்களாலும், வீட்டில் வேலை செய்த மரியா என்ற பெண்ணின் துணிச்சலாலும் நாஜிப் படுகொலையிலிருந்து பிழைத்தவர். சும்மா நிற்க மறுத்தவர்களால் உயிர் வாழ்ந்தவர், அந்த மறுப்பைக் கற்றுத்தர வாழ்நாளைக் கொடுத்தார். தடுப்பவரைத் துரோகி என்று ஒதுக்காத அதிகாரி இருந்தால்தான் அந்தப் பயிற்சி களத்தில் பலிக்கும்.

கேள்வி: எனக்கு உடல் பலம் இல்லை. நான் என்ன செய்துவிட முடியும்?
– இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: பஸ்ஸில் ஒருவன் தொல்லை கொடுத்தால், அந்தப் பெண்ணிடம் “என்னம்மா, அம்மா சௌக்கியமா?” என்று தெரிந்தவர்போல் பேசிப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கண்டக்டரைக் கூப்பிடுங்கள். 112-க்குப் போன் செய்யுங்கள். படம் எடுத்தால் அந்தப் பெண்ணிடம் மட்டும் கொடுங்கள், ஊருக்கு அனுப்பாதீர்கள். இதில் எதற்கும் புஜபலம் தேவையில்லை.

கேள்வி: தைரியம் பிறவியிலேயே வருவதா?
– பிளஸ் டூ மாணவன், விழுப்புரம்

பதில்: பழக்கத்தில் வருவது. வகுப்பில் ஒருவனைக் கேலி செய்யும்போது நாளை நீ சிரிக்காமல் இரு. அங்கிருந்து தொடங்கு.

கேள்வி: கல்லூரியில் ஜூனியர் ஒருவனை ராகிங் செய்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பல வருடம் ஆகியும் உறுத்துகிறது.
– வாசகர், திருச்சி

பதில்: நீங்களும் அன்று பயந்துபோன ஒரு பையன்தான். அவருடைய எண் கிடைத்தால் அழைத்து, “அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள், அவருக்குப் பேச விருப்பமில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்று உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தால் அவர்களிடம் சொல்லிவையுங்கள்: “தப்பு நடந்தால் தடுங்கள், பின்னால் நான் நிற்கிறேன்.” சொன்னபடி நில்லுங்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும், மேலாளரிடமும், அதிகாரியிடமும் நான் கேட்டுக்கொள்வதும் அதுதான்.