கேமரா பார்த்துக்கொள்ளும்

கீழ்பென்னாத்தூரில் இனி எந்தத் தாயும் தனியாக இல்லை. திண்ணைக்கு ஒரு கேமரா, அடுப்பங்கரைக்கு ஒரு கேமரா, கையில் ஸ்மார்ட் வாட்ச். மகன் நியூஜெர்சியில். அம்மா இருமினால் அங்கே போன் அதிரும். "வெந்நீர் குடிம்மா" என்று சுவரிலிருந்து அதட்டுவான். வெந்நீர் வைத்துத் தரும் வசதி அடுத்த அப்டேட்டில் வருமாம்.

மாநில அரசுதான் இன்னும் பழைய காலத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆளையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வருகிற பெண் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, "சாப்ட்டீங்களாம்மா?" என்று வேறு கேட்கிறார். எத்தனை மனித உழைப்பு வீண்!

டெல்லி பரவாயில்லை. 2014இல் வந்த ஜீவன் பிரமாண் மூலம், ஓய்வூதியம் வாங்குபவர் தாம் உயிரோடிருப்பதை வீட்டிலிருந்தே நிரூபிக்கலாம். 2021 முதல் போனில் முகம் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதும். பெற்ற பிள்ளைக்கு அதுகூட வேண்டாம், பச்சை விளக்கு எரிந்தால் சரி.

வாட்ச் கணக்கும் பிரமாதம். 78 வயதில் அம்மா தினமும் 14 கிலோமீட்டர் நடக்கிறார், ஒரு கிரிவலம்! குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகனுக்கு ஒரே கைதட்டல்.

வாட்ச் இருப்பது ஆட்டின் கழுத்தில். திண்ணைக் கேமரா மேல் துண்டு காய்கிறது.

ஆட்டுக்குத்தான் சொன்ன நேரத்தில் கண் சிமிட்ட வருவதில்லை. ஆகவே மத்திய அரசு ஓய்வூதியர்களே, உயிர்வாழ் சான்றிதழுக்கு நவம்பர் முடிவதற்குள் போன் முன் நீங்களே உட்கார்ந்துவிடுங்கள்.