மூன்றாவது பெடல் எங்கே?

என்னுடைய ஆட்டோ கியர் காருக்கு வீட்டு முற்றத்திலேயே மேனுவல் கியர்பெட்டி பூட்டலாமா?
- வாசகர், பொல்பிட்டிய

பூட்டலாம். மூன்றாவது பெடலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கியர்பெட்டி தனியே வந்தால் போதாது. கிளட்ச், ஃபிளைவீல், பெடல்கள், கியர் லீவர் எல்லாம் கூடவே வரவேண்டும். புதிய கார் என்றால் அதன் கணினியையும் சம்மதிக்க வைக்கவேண்டும்.

கினிகத்தேனை இறக்கத்துக்காகத்தான் இந்த ஆசை என்றால், இப்போதுள்ள லீவரிலேயே ‘எல்’ என்றோ ‘2’ என்றோ இருக்கிறதா பாருங்கள். அதில் போட்டு இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; பிரேக் அவ்வளவாகச் சூடேறாது. அப்படியும் மனம் கேட்காவிட்டால் சமதரையுள்ள கராஜுக்குக் கொண்டுபோங்கள். மலைச்சரிவு முற்றத்தில் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே வேண்டாம், ஐயா.