கண்ணாடியிலி இயல்: ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

இவ்வாராய்ச்சி என் நுதலிற்றோ எனின், கையில் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மிரர்லெஸ் கேமராவைத் தள்ளிவிட்டு, அதே அளவில் அதனினும் உயர்ந்த ஒன்றை வாங்கலாமா கூடாதா என்பது நுதலிற்று. பழைய உரையாசிரியர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். முப்பது ஆண்டு அவர்களையே வகுப்பில் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு வேறு மாதிரித் தொடங்க வரவில்லை.

ஆய்வு தொடங்கிப் பதினான்கு மாதமாகிறது. இப்போது நான்காவது நோட்டு நடக்கிறது. என் முனைவர் பட்டத்துக்கே மூன்று நோட்டுதான் ஆயிற்று.

சிக்கல் பிறந்த இடம் கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க் கோயில். ஓய்வுக்குப் பிறகு கல்வெட்டுகளைப் படமெடுப்பது என் வழக்கம். அன்று எடுத்தது ஒரு சோழர் காலத் துண்டுக் கல்வெட்டு. மெய்க்கீர்த்தி போய்விட்டது, அரசன் பெயரில் பாதி சுவருக்குள் போய்விட்டது, யாண்டு மட்டும் எஞ்சியிருந்தது. அந்த யாண்டு ௪ஆ, ௬ஆ? அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தமிழ் எண்ணில் நான்கு என்பது ‘ச’ போல இருக்கும், ஆறு என்பது ‘சு’ போல இருக்கும். வேறுபாடு ஒரு சுழி. கேமராவின் பின்திரையில் அந்தச் சுழி இருந்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கல் பெரிதாயிற்று. சோழர் வரலாற்றில் இரண்டு ஆண்டு என் கேமராவால் தொங்கலில் நிற்கிறது என்பது உறுதியானது.

கூட வந்திருந்த பழைய மாணவர் அதே திரையை எட்டிப் பார்த்து, “ஆறுதான் ஐயா, கீழ்ச்சுழி நல்லாத் தெரியுதே” என்றார். ஆசிரியரின் ஐயம் மாணவரின் தெளிவால் நீங்காது என்பது மரபு. அவர் கருத்தை நோட்டில் ‘பிறர் மதம்’ என்ற தலைப்பின்கீழ் எழுதி வைத்தேன்.

சொல்லாராய்ச்சி

மிரர்லெஸ் என்பதைக் ‘கண்ணாடியில்லாக் கேமரா’ என்று பெயர்த்து என் அத்தையிடம் சொன்னபோது, “கண்ணாடியே இல்லாம எப்படிடா படம் விழும்?” என்றார். கேள்வி நியாயமானது. தமிழில் கண்ணாடி பலபொருள் ஒருசொல். முகம் பார்ப்பதும் கண்ணாடி, சன்னலில் பதிப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. இம்மூன்றில் கேமராவிலிருந்து நீங்கியது முதலாவது மட்டுமே. எஸ்.எல்.ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு முகக்கண்ணாடி நிற்கும். வந்த ஒளியை மேலே திருப்பி, நாம் கண்வைக்கும் துளைக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தினால் ‘டபக்’ என்று எழுந்து வழிவிடும். மிரர்லெஸ்ஸில் அது இல்லை. ஒளி நேரே சென்சாரில் விழுகிறது. துளைக்குள் நாம் காண்பது ஒரு குட்டித் திரை. ஆகவே ‘ஆடியிலி’ என்பதே சாலும். ஆனால் கடைத்தெருவில் ‘ஆடியிலி’ என்று கேட்டால் ஆடித் தள்ளுபடி முடிந்துவிட்டது என்பார்கள்.

இவ்வினத்தின் தோற்றம் குறித்துப் பாடபேதம் உண்டு. 2008இல் வந்த பானசோனிக் ஜி1 முதலாவது என்பது பெருவழக்கு. 2004இன் எப்சன் ஆர்-டி1இலும் முகக்கண்ணாடி கிடையாதே என்பார் சிலர். அது ரேஞ்ச்ஃபைண்டர் மரபில் வந்தது, கிளை வேறு என்று விடை கூறி மேலே செல்க.

பெயர் சுட்டாமை

என் கேமராவின் பெயர் இக்கட்டுரையில் வராது. அகப்பொருளில் தலைமக்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் கட்டளை. 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார், ஒரு மூலையில் ரப்பர் பிரிந்திருக்கும் என்பதோடு நிறுத்துகிறேன். வாங்க விரும்பும் கேமராவோ எதையும் அறியாமல் கடையில் இருக்கிறது. அது கைக்கிளை. கைக்கிளையில் பெயர் சொல்லலாமா என்று நூல்களைப் புரட்டினேன். எனக்கு வசதியான முடிவுக்கே வந்தேன். சோனி ஆல்ஃபா 7சி II. 2023இல் வந்தது. ஃபுல் ஃபிரேம் சென்சார், 33 மெகாபிக்சல், பேட்டரியும் கார்டும் சேர்த்து 514 கிராம்.

அளவை

உண்மையை அறியச் சைவ சித்தாந்தம் கூறும் அளவைகளில் தலையாயவை மூன்று: காண்டல், கருதல், உரை. மூன்றையும் பயன்படுத்தினேன்.

உரையளவை என்பது அறிந்தோர் வாய்மொழி. இந்தத் துறையில் அறிந்தோர் யூடியூபில் இருக்கிறார்கள். எல்லோரும் காப்பிக் கோப்பையையும் பூனையையும் செங்கல் சுவரையும் படமெடுத்துக் காட்டினார்கள். செங்கல் சுவரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் எழுத்து எதுவும் இல்லை.

கருதலளவைக்கு வருவோம். இங்கேதான் இரண்டாம் நோட்டு முழுதும் செலவாயிற்று. முதல் வினா மெகாபிக்சல். 24 என்பது 33 ஆனால் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு ஏற்றம் என்று தோன்றும். தோற்றம் பொய். 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 புள்ளி, 33க்கு 7008. ஏற்றம் 17 விழுக்காடுதான், ஏனென்றால் புள்ளிகள் நீளத்துக்கும் அகலத்துக்கும் பங்கு போகின்றன. ஒரு மீட்டர் அகலக் கல்லைச் சட்டம் நிறைய எடுத்தால் என் கேமராவில் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு புள்ளி விழும். 3 செ.மீ உயர எழுத்துக்கு 180 புள்ளி. புதியதில் 210. ஒரு சுழியைக் காட்ட 180 போதாது, 210தான் போதும் என்று நிறுவ நான் எடுத்த முயற்சிகளை இங்கே விரித்தால் படிப்பவர் முகம் சுளிப்பர்.

இதைவிடக் கெடுதலான கணக்கு ஒன்று நள்ளிரவில் தோன்றியது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுப்பவன் 29 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்தால் அதே 17 விழுக்காடு கிடைத்துவிடும். நம் பழைய அளவில் ஒரு சாணும் மூன்று விரற்கடையும். அதாவது இரண்டு லட்சத்துக்கு மேல் விலையுள்ள பொருளின் ஒன்பது மெகாபிக்சல் ஏற்றம், கல்வெட்டை நோக்கி அரை எட்டு வைத்தால் இலவசம். அற்றேல் ஏன் அன்று அரை எட்டு வைக்கவில்லை எனின், அங்கே வௌவால் எச்சம் இருந்தது. இக்காரணத்தைக் கேமரா நிறுவனங்கள் தம் விளம்பரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

முன்னோரில் ஒருவரை இவ்விடத்தில் நினைக்காமல் முடியாது. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நெகட்டிவ் ஃபிலிமிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை; மெழுகேற்றிய காகிதத்தில். சித்திரை வெயிலில் மெழுகுக் காகிதத்தோடு திரிந்த மனிதருக்கு மேம்பட்ட மாதிரி எப்போது வரும் என்ற கவலை இருந்திருக்குமா? இருந்திருக்கும். எனக்கு அவரைப் பிடித்திருப்பதற்கு அதுவே காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் வினா சென்சார் பரப்பு. ஃபுல் ஃபிரேம் 36க்கு 24 மி.மீ, ஏபிஎஸ்-சி 23.5க்கு 15.6. பெருக்கி வகுத்தால் முன்னது 2.36 மடங்கு. புகைப்படக்காரர் கணக்கில் ஒன்றேகால் ஸ்டாப். இருண்ட மண்டபத்தில் இது மெய்யான ஆதாயம், மறுப்பதற்கில்லை. இதை எழுதிவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் மாணவர் முந்நூறு ரூபாய் டார்ச் ஒன்றைக் கொண்டுவந்து, கல்லுக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல் பிடித்தார். சாய்வொளியில் வெட்டுக்குள் நிழல் தேங்கி எழுத்தெல்லாம் புடைத்தெழுந்து நின்றது. சிலர் எழுத்தின்மேல் மாவு தடவிப் படிப்பார்கள், கல்லுக்குக் கேடு. டார்ச்சால் கல்லுக்கு ஒன்றும் இல்லை. என் ஆய்வுக்குத்தான் கேடு. அந்த டார்ச்சை ‘வெளிப்புறக் காரணிகள்’ என்று வகைப்படுத்தி ஆய்வெல்லைக்கு அப்பால் நிறுத்தினேன்.

ஃபோகஸ் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. புதிய கேமராவுக்கு மனிதர், விலங்கு, பறவை, பூச்சி, கார், ரயில், விமானம் ஆகியவற்றைத் தானே இனங்கண்டு துரத்தும் அறிவு உண்டு. பட்டியலில் கல்வெட்டு இல்லை. கல்வெட்டு ஓடுவதும் இல்லை.

நடுக்கம் தடுக்கும் ஏற்பாடு மட்டும் என் பக்கம் நின்றது. கம்பெனிக் கணக்கில் ஏழு ஸ்டாப். நொடியில் ஐம்பதிலொரு பங்கு கையை ஆடாமல் வைத்திருப்பவன் இரண்டரை நொடி வைத்திருக்கலாம் என்று பொருள். முக்காலி போதாதா எனின், மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள கோயில்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். ஒரு விண்ணப்பம் எழுதினால் போதுமே எனின், அவ்வினா இவ்வியலின் பாற்படாது.

எஞ்சியது காண்டலளவை. நேரே கடைக்குப் போய்ப் பார்ப்பது. கடைக்காரத் தம்பி கேமராவைக் கையில் கொடுத்தார். அலமாரியில் தொங்கிய விலைச்சீட்டைப் படமெடுத்துப் பின்திரையில் பார்த்தேன். எண் மங்கலாக இருந்தது. கடையில் விளக்கு சரியில்லை என்று குறித்துக்கொண்டேன். தம்பி, “சார், வியூஃபைண்டர்ல பாருங்க” என்று சொல்லி, துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு சக்கரத்தை மெதுவாகத் திருகினார். அம்மம்மா! திரையின் ஓரத்தில் இருந்த பொடி எண்கள், விலைச்சீட்டின் ஜிஎஸ்டி வரி, அதற்குக் கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற எறும்பெழுத்து, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஃபுல் ஃபிரேமின் மேன்மை ஐயந்திரிபற நிறுவப்பட்டது. காண்டலுக்கு மிஞ்சிய அளவை ஏது?

அன்றிரவு முதல் எனக்கு நேர்ந்ததைத் தொல்காப்பியர் களவியலில் வைத்திருக்கிறார். பார்ப்பதெல்லாம் விரும்பிய பொருளாகவே தோன்றும் நிலை ஒன்று உண்டு. குளியலறைச் சோப்புப் பெட்டி அப்படித் தோன்றியது. நாணத்தின் எல்லையைக் கடப்பதும் ஒரு நிலை, மகனுக்கு ஃபோன் செய்து, “சும்மாதான் கேக்கிறேன், கிரெடிட் கார்டுல தவணைன்னா எப்படி?” என்றேன். அடுத்தடுத்த நிலைகள் நல்லவை அல்ல என்பதால் விடுகிறேன்.

விலையாராய்ச்சி

ரூபாயில் சொன்னால் விலையின் எடை விளங்காது. சோழர் அளவையில் சொல்கிறேன். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க வழக்கமாக 96 ஆடு விடுவார்கள். நம் ஊர்ச் சந்தையில் நல்ல ஆடு பத்தாயிரம் என்று வைத்தால், இரண்டு லட்சத்துக்கு இருபது ஆடு. ஒரு விளக்கின் கால் பங்குகூட முழுசாகத் தேறாது. இப்படிப் பார்க்கக் கேமரா மலிவாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த ஆடுகளைக் கல்வெட்டு ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. செத்தது போகக் குட்டிகளால் கணக்கு நிரம்பிக்கொண்டே வரும்; மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. கேமரா குட்டி போடாது. போடுவது லென்ஸ் ஆசை மட்டும். பெரியவர்கள் பரிந்துரைக்கும் 24-70 எஃப்/2.8 ஜிஎம் II லென்ஸின் எடை 695 கிராம். உடலும் சேர்ந்தால் ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கையடக்கம் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் மாறுகிறது. கத்தரிக்காய் வாங்கும் பையில்தான் அடங்கும்.

புறனடை

முன்பணம் கட்டுவதற்கு முதல்நாள், ஒப்பீட்டுக்காகக் கடைசி முறை அந்தக் கோயிலுக்குப் போனோம். யாண்டு இன்னும் நான்காகவும் ஆறாகவும் இருந்தது. கடையில் அந்தத் தம்பி சக்கரத்தைத் திருகியதும் என்ன அதிசயம் நடந்தது என்று மாணவரிடம் விவரித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கேமராவை வாங்கி, துளைக்குப் பக்கத்தில் நகத்தால் எதையோ சுரண்டினார். ஆண்டுக்கணக்காகப் படிந்த விபூதியும் தூசியும் உதிர்ந்து ஒரு சிறு சக்கரம் வெளிப்பட்டது. அதை நான் ஓர் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

“இப்பப் பாருங்க ஐயா.”

பார்த்தேன். ௬. சுழி சுத்தமாக, கல்தச்சன் நேற்று உளியை எடுத்த மாதிரி.

“ஐயா கண்ணு கடைசியா எப்பக் காட்டினீங்க?” என்றார் மாணவர்.

கண் மருத்துவர் சுவரில் தொங்கிய அட்டையை வாசிக்கச் சொன்னார். மேல்வரிகள் எளிது. கடைசிக்கு முந்தின வரியில் பாடம் சிதைந்திருப்பதாகச் சொன்னேன். கையில் கொடுத்த சிறு அட்டை மேலும் சிதைவு. “அட்டை நல்லாத்தான் சார் இருக்கு. வெள்ளெழுத்து. இந்தக் கண்ணாடி போட்டுப் பத்து வருஷம் இருக்குமே?” என்றார். முப்பது ஆண்டு தமிழ் நடத்தியவன், அந்தச் சொல்லை இந்த வயதில் ஒரு சீட்டில் வாசித்தேன். நீட்டிப் பிடித்துத்தான்.

மாணவரையும் அழைத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேசைமேல் மூன்று வைத்தார். முதலாவது பைஃபோகல். இரண்டாவது புரோகிரசிவ். மூன்றாவதும் புரோகிரசிவ்தான், ஆனால் மேல்தரம். விலை இரண்டாவதைப் போல் இரண்டு மடங்கு.

“இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?”

“இதுல பார்வை அகலமா கிடைக்கும் சார்.”

“எத்தனை விழுக்காடு அகலம்?”

அவர் என்னைப் பார்த்தார். மாணவர் கூரையைப் பார்த்தார். பையிலிருந்து ஐந்தாவது நோட்டை எடுத்துப் பிரித்தேன். கோடுகள் தெரியவில்லை. மாணவரிடம் நீட்டி, “எழுதிக்கப்பா” என்றேன்.