சக்கரப் புணரியல்: பிக்கப் வண்டியும் பிற சக்கரமும்

பிக்கப் வண்டிக்கு வெளியில் வாங்கிய சக்கரம் சேருமா சேராதா என்பது புணர்ச்சி இலக்கணத்தின்பாற்பட்ட வினா. வண்டியோடு பிறந்து வண்டியோடு நிற்கும் ஹப், நிலைமொழி. கடையிலிருந்து வந்து அதனோடு கூடும் அலாய் வீல், வருமொழி. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் வகுத்த பாகுபாடு அமெரிக்கப் பிக்கப் வண்டிகளுக்கும் ஏறத்தாழ அப்படியே செல்லும். மாற்றம் ஏதுமின்றிச் சேர்ந்தால் இயல்பு. மாறிச் சேர்ந்தால் விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று வகைப்படும். சேர்ந்தது போலத் தெரிந்து சேராமல் இருப்பது என்றொரு வகையை முனிவர் சொல்லவில்லை. அவர் எழுத்தோடு நின்றுவிட்டார். நட்டு போல்ட்டு வரை வரவில்லை. ஆய்வுக்குரிய இடமோ அதுதான்.

முதலில் துளை. துளைகளின் எண்ணிக்கையும், அவற்றின் மையங்களைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டமும் சேர்ந்ததே பி.சி.டி. என்பது. எண்ணிக்கையைக் குழந்தையும் எண்ணிவிடும், பிழையெல்லாம் விட்டத்தில்தான். ஃபோர்டு எஃப்-150க்கு 2004 முதல் 6×135 மி.மீ. செவ்ரோலே சில்வராடோ 1500க்கு 6×139.7 மி.மீ. இரண்டுக்கும் ஆறு துளை, வேறுபாடு 4.7 மி.மீ. விட்டத்தில் பாதியே ஆரம் என்பதால், ஹப்பிலிருந்து நீளும் ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் 2.35 மி.மீ., அதாவது ஓர் அரிசி மணியின் தடிமன். இந்த அரிசி மணி அளவு சந்தில்தான் “நட்டை இறுக்கினால் தானே உட்காரும்” என்ற கொள்கை குடியிருக்கிறது. நட்டு உட்காராது. அதன் ஒரு பக்கம் மட்டும் துளையின் விளிம்பைக் கடித்து நிற்கும், ஸ்டட் வளையும், ஓட்டத்தில் நட்டு தளரும். இறுக்கியவரின் தோள்வலிமை இதில் சான்றாகாது.

காலம் என்னும் இடர்ப்பாடும் உண்டு. அதே எஃப்-150, 1997 முதல் 2003 வரை 5×135. டொயோட்டா டன்ட்ரா 2007 முதல் 2021 வரை 5×150, 2022இல் 6×139.7க்கு மாறிற்று. ராம் 1500 ஐந்து துளையிலிருந்து 2019இல் ஆறுக்குப் போனது. ஆனால் பழைய உடலோடு ‘கிளாசிக்’ என்ற பெயரில் அருகிலேயே விற்ற வண்டி ஐந்திலேயே நின்றது. ஆகவே ஆண்டும் தலைமுறையும் சொல்லாமல் “ராமுக்குச் சேரும்” என்பார் கூற்று பொருளற்றது.

அளக்கும் முறை எளிது. ஆறு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். மையத்தைக் கண்ணால் குறிப்பது தவறும். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் இடது விளிம்பு வரை அளப்பதே சரி, தூரம் அதேதான். ஐந்து துளைக்கு எதிர்த் துளை கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை 1.701ஆல் பெருக்க வேண்டும். ஐந்து துளைக்காரர்கள் பொதுவாக இந்த இடத்தில் அளப்பதைக் கைவிட்டு, விற்பவரை நம்பத் தொடங்குகிறார்கள்.

துளை ஒத்ததும் மகிழ்வது முதிராத ஆய்வாளரின் இயல்பு. அடுத்தது சக்கரத்தின் நடு ஓட்டை. டொயோட்டா டக்கோமாவும் சில்வராடோவும் 6×139.7 என்ற ஒரே குலம். ஆனால் 2023 வரையிலான டக்கோமாவின் நடு ஓட்டை 106.1 மி.மீ., சில்வராடோவினுடையது 78.1. டக்கோமா சக்கரம் சில்வராடோ ஹப்பில் ஏறும், சுற்றிலும் 14 மி.மீ. இடைவெளியோடு. சில்வராடோ சக்கரம் டக்கோமாவில் ஏறவே ஏறாது. ஸ்டட்டுகள் ஆறும் துளைகளைப் பார்த்து நிற்க, ஹப்பின் மூக்கு வழியை அடைக்கும். முன்னதில் இடைவெளியை நிரப்ப ஒரு ஹப் வளையம் வேண்டும். இது தோன்றல் விகாரம். வளையம் சக்கரத்தை மையத்தில் நிறுத்துமே தவிர, பாரத்தைத் தாங்குவது நட்டுகளின் இறுக்கம்தான்.

அந்த நட்டிலும் பேதம் உண்டு. டொயோட்டாவின் பல அலாய் வீல்களுக்குத் தட்டையான வாஷரோடு கூடிய நட்டு. வெளிச்சக்கரங்களுக்குப் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு நட்டு. பழைய நட்டைப் புதிய சக்கரத்துக்குப் போடுவது சிக்கனம் அன்று. எஃப்-150இல் மரையே மாறியது: 2014 வரை எம்14×2.0, 2015 முதல் எம்14×1.5. இந்தப் பிந்தைய வண்டிக்கு இறுக்கம் 150 பவுண்டு-அடி. அதை டார்க் ரெஞ்சில் வைத்து இறுக்கி, 100 மைல் ஓடுவதற்குள் மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

இனி ஆஃப்செட். நட்பு முறிவது இந்த இயலில்தான். சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் அமரும் முகத்துக்கும் உள்ள தூரம் ஆஃப்செட் எனப்படும். முகம் தெருப்பக்கம் தள்ளியிருந்தால் கூட்டல், வண்டிப்பக்கம் தள்ளியிருந்தால் கழித்தல். அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் சக்கரம் வெளியே நீளும் அளவு. கூட்டினால் உள்ளே புகும் அளவு. எஃப்-150இல் பரவலாக வரும் 7.5 அங்குலம், +44 சக்கரம் வெளியே 51 மி.மீ., உள்ளே 139 மி.மீ. அதைக் கழற்றி 9 அங்குலம், 0 ஆஃப்செட் மாட்டினால் இரு பக்கமும் 114. உள்ளே 25 மி.மீ. மிச்சம், வெளியே 63 மி.மீ. அதிகம். உள்ளே புகும் அளவை பேக்ஸ்பேசிங் என்று அங்குலத்தில் சொல்லும் கடைகளும் உண்டு. அதில் ரிம்மின் உதடுகளும் அடங்கும் என்பதால், எழுதியிருக்கும் அகலத்தோடு ஏறத்தாழ ஓர் அங்குலம் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

உள்ளே இடம் கிடைத்ததென்று மகிழ்வோர் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்ப்பதில்லை. முன்சக்கரம் திரும்பும் அச்சு உட்பக்கம் இருக்கிறது. சக்கரம் அதை விட்டு விலக விலக, திரும்பும்போது வீசும் வில்லும் பெரிதாகும். நேராக நிற்கையில் கை நுழைந்த இடைவெளி முழுத் திருப்பத்தில் மறைந்து, டயர் முன்னே பம்பர் மூலையையும் பின்னே மட்கார்டின் உள்ளுறையையும் உரசும். இதற்குச் சொல்லப்படும் பரிகாரங்கள் எல்லாம் விகாரங்களே. பிளாஸ்டிக் உறையைச் சூடு காட்டி வளைப்பதும், உள்ளே துருத்தும் தகரத்தைச் சுத்தியலால் மடிப்பதும் திரிதல். உறையை அறுத்தெறிவது கெடுதல். பி.சி.டி. ஒவ்வாதபோது நடுவில் அடாப்டர் வைப்பது மீண்டும் தோன்றல். ஒன்றேகால் அங்குல அடாப்டர் சக்கரத்தை மேலும் 32 மி.மீ. வெளியே தள்ளும் என்பதை அடாப்டர் விற்பவர் தானாகச் சொல்வதில்லை. மட்கார்டைத் தாண்டி டயர் நீட்டுவதைச் சில மாநிலச் சட்டங்கள் ஏற்பதும் இல்லை.

எஞ்சியவை சில. ரிம்மின் உட்சுவர் பிரேக் காலிப்பரைத் தொடக் கூடாது. சக்கரத்தின் முதுகில் பொறித்த பாரத் திறன், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பின்னச்சு எடை வரம்பில் பாதிக்குக் குறையக் கூடாது. 2008 மாடல் முதல் அமெரிக்க வண்டிகளில் கட்டாயமான காற்றழுத்த உணரிகளைப் புதிய சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். 265/70ஆர்17 டயரின் விட்டம் 31.6 அங்குலம், அந்த இடத்தில் 35 அங்குல டயர் ஏறினால், மீட்டரைத் திருத்தாதவரை முள் 60 மைல் காட்டும்போது வண்டி 66இல் போகும். போலீஸ்காரரின் ராடார் முள்ளைப் பார்ப்பதில்லை.

கடைசியாகச் சான்று. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை ஏற்கும். சக்கர உலகில் மிகுதியாக வழங்குவது உரை: “எல்லா ட்ரக்குக்கும் சேருங்க.” அடுத்தது கருதல்: மச்சான் வண்டியில் சேர்ந்தது, ஆகவே இதிலும் சேரும். மச்சான் வண்டி இரண்டு அங்குலம் தூக்கியது என்பது பின்னால் தெரியவரும். கொள்ளத்தக்கது காட்சி ஒன்றே. அதுவும் சமதரையில் நேராக நின்ற வண்டியின் படம் அன்று. ஜாக்கி வைத்துத் தூக்கி, டயர் ஏற்றாத வெறும் ரிம்மை மாட்டுக. நட்டுகள் எல்லாமே விரலாலேயே ஏற வேண்டும். முகம் ஹப்பில் சந்தின்றி அமர வேண்டும். கையால் சுற்றினால் காலிப்பர் தொடக் கூடாது. டயர் ஏற்றிய பிறகு இரு பக்கமும் முழுத் திருப்பம், ரிவர்ஸிலும் ஒருமுறை, ஒரு சக்கரம் மேட்டில் ஏறிய நிலையிலும் ஒருமுறை. இந்த வரிசையை மாற்றலாகாது: டயர் ஏற்றிய ரிம்மைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.